மூடி வைத்த மிஷினைத் திறக்கச் சொல்லி ஒரு மடல்

தையல் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கிவிட்டு, மிஷினை மூடி வைத்திருக்கும் என் தோழிகளுக்கு,

கல்யாணச் சீரில் வந்த மிஷின், வகுப்பில் சேர்ந்த உற்சாகத்தில் தவணைக்கு வாங்கிய மிஷின், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் அரசு கொடுத்த விலையில்லா மிஷின் என்று நம் வீடுகளில் பல வகை இருக்கின்றன. முக்கால்வாசி வீட்டில் அதன் மேல் ஒரு பழைய துண்டு கிடக்கிறது. துண்டின் மேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி. உங்களில் பலரை எனக்கு நேரிலேயே தெரியும். காகிதத்தில் ஜாக்கெட் வரைந்து வெட்டிய அந்த நோட்டுகளை நீங்கள் இன்னும் பத்திரமாக வைத்திருப்பதும் தெரியும். போன பொங்கலில் இருந்து இந்தப் பொங்கல் வரை என் வீட்டு மிஷினில் என்னென்ன தைத்தேன் என்று உட்கார்ந்து யோசித்தபோது, இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இந்த ஓராண்டில் புதுத்துணி வெட்டித் தைத்தது கொஞ்சம்தான். பிரித்தது, இறக்கியது, அகலப்படுத்தியது, ஒட்டுத்துண்டு வைத்தது, கொக்கியை எடுத்துவிட்டு வேறு வழி செய்தது, இவைதான் நிறைய. வீட்டில் தையல் மிஷின் இருப்பதன் பெரிய பயனே இதுதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். நம் வகுப்புகளில் யாரும் நமக்குச் சொல்லித்தராததும் இதைத்தான்.

வகுப்பில் என்ன நடக்கிறது? உள்பாவாடையில் தொடங்கி, சின்னக் குழந்தை கவுன் ஒன்று தைக்கவைத்து, மூன்றாவது மாதமே ஜாக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள். தையலிலேயே கடினமானது ஜாக்கெட். டாட் சரியாக விழ வேண்டும், கை ஏற்றும்போது சுருக்கம் வரக் கூடாது, கிராஸ் பட்டி உடம்போடு படிய வேண்டும், லைனிங்கும் மேல் துணியும் ஒரே போக்கில் போக வேண்டும். இது கடை வைக்கப் போகிறவர்களுக்கான பாடம். வருமானத்துக்காகக் கற்கிறவர்களுக்கு அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்காகக் கற்ற பெண், கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையின் ஜாக்கெட் துணியை முன்னால் வைத்துக்கொண்டு கத்தரியை எடுக்கப் பயந்து நிற்கிறாள். அந்தப் பயத்தில்தான் மிஷின் மூடப்படுகிறது. அந்த ஜாக்கெட்டைத் தையற்காரரிடமே கொடுங்கள். அவர் கேட்கும் கூலி நியாயமான கூலி. வருஷக்கணக்காக ஒரே வேலையைச் செய்து பழகிய கை அது.

தையற்காரர் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. பிரித்துத் தைக்கச் சொல்லிக் கொண்டுபோங்கள், அவர் முகம் மாறும். "வச்சிட்டுப் போங்கம்மா, பார்க்கலாம்" என்பார். அந்தப் பை அவர் கடை மூலையிலேயே மாதக்கணக்கில் தொங்கும். இதில் அவர் தப்பு எதுவும் இல்லை. பழைய தையலைப் பிரிக்க நேரம், நூல் நிறம் பொருத்திப் பார்க்க நேரம், மறுபடி தைக்க நேரம். புது ஜாக்கெட்டுக்கு ஆகும் நேரத்தில் பாதி இதற்கே போய்விடும். ஆனால் புது ஜாக்கெட் கூலியில் பாதியை நாம் கொடுப்போமா? "ரெண்டு தையல் பிரிக்கிறதுக்கா இவ்வளவு?" என்றுதானே கேட்போம். அவருக்குக் கட்டாது. ஆகவே அந்த வேலை ஊரில் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு கை ஏறாத ஜாக்கெட்டுகள், ஒரே வருஷத்தில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்ட பாவாடைகள், இடுப்பில் நிற்காத பேண்ட்டுகள் என்று பீரோ நிறையக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆயத்த ஆடை வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். ஒரு ரெடிமேட் சுடிதார் டாப்பை உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலைப் பாருங்கள். அங்கே கால் அங்குலம்கூட மிச்சத் துணி இருக்காது. ஓவர்லாக் மிஷினில் ஊசிக்கு முன்னால் ஒரு கத்தி இருக்கிறது. தைத்துக்கொண்டே ஓரத்தை வெட்டித் தள்ளிவிடும். தொழிற்சாலைக்கு அது லாபம். ஆயிரக்கணக்கில் தைக்கும்போது ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலம் மிச்சம் பிடித்தால் அது பெரிய தொகை. ஆனால் அந்த உடுப்பை வாங்கியவளின் உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தால், உடுப்பு அன்றோடு முடிந்தது. நம் பாட்டிகள் காலத்து ரவிக்கை ஒன்று கிடைத்தால் அதையும் திருப்பிப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் உள்ளே மடிந்து இருக்கும், வரிசையாக இரண்டு மூன்று தையல் போட்டு. வெளித் தையலைப் பிரித்தால் ஒரு சுற்றுத் தளரும். அடுத்ததைப் பிரித்தால் இன்னும் கொஞ்சம். அந்த ரவிக்கை இரண்டு பிரசவத்தையும் பார்த்து, மகளுக்கும் வந்தது.

எங்கள் ஊர் மதுரை. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு வரிசையாக உட்கார்ந்து தைப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்கு நேர்ந்துகொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் திரி எடுக்கிறவர்களுக்கும் உடுப்புத் தைக்கும் மும்முரம் அவர்களிடம் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டுப் பாவாடை தைக்கக் கொடுத்தால், நாம் கேட்காமலே கரைக்கு மேலே டக், அதாவது உள்மடிப்பு, பிடித்துத்தான் கொடுப்பார்கள் அந்தக் காலத்துத் தையற்காரர்கள். இந்த ஆண்டு என் அக்கா பேத்திக்கு அப்படி ஒரு பாவாடை தைத்தேன். நான் தைத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அது. அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாலு வயசுக்கு மேல் பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் இடுப்புக்குக் கீழேதான். பாவாடையின் உள்பக்கமாக, சுற்றிலும் ஒரு அங்குல மடிப்புப் பிடித்தால் அது உயரத்தில் 2 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு மடிப்பை அவிழ்த்தால் ஒரு வருஷத்துக்குத் தாராளமாகக் காணும். மூன்று மடிப்பு வைத்தேன். கரைக்கு மேலே முதல் மடிப்பு, அதற்குச் சரியாக மூன்று விரல் தள்ளி அடுத்தது. எல்லா மடிப்பும் கீழ்நோக்கிப் படிய வேண்டும். மேல்நோக்கிப் படிந்தால் தூசி சேரும், பட்டு அந்த இடத்தில் சீக்கிரம் அறுந்துபோகும். மிஷினில் நெருக்கமாகத் தைக்கக் கூடாது. பட்டில் ஊசி போட்ட ஓட்டை சுலபத்தில் மூடாது. மெல்லிய கை ஊசியில், அதே நிற நூலில், கொஞ்சம் நீட்டமாக ஓட்டுத் தையல் போட்டால் போதும். பிரிக்கும்போது ஒரு இழுப்பில் வந்துவிடும். அப்படியும் மடிப்புக் கோடு லேசாகத் தெரியும்தான். அதன் மேல் மெல்லிய ஜரிகை லேஸ் ஒன்றை வைத்துத் தைத்துவிட்டால், அந்தக் கோடே பாவாடைக்கு அலங்காரம். மேலே பாடியின் இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டிருக்கிறேன். பிள்ளை இரண்டாம் வகுப்புக்குப் போகும்போதும் அதே பாவாடையில் கோயிலுக்கு வருவாள்.

அடுத்தது என் மாமியாரின் ஜாக்கெட்டுகள். தோள் இறுகிப்போய் அவருக்கு வலது கை பாதிக்கு மேல் தூக்க வராது. விரல் மூட்டுகளும் வீங்கியிருப்பதால் கொக்கி மாட்ட முடியாது. காலையில் ஜாக்கெட் போட்டுக்கொள்ள இன்னொருவர் வேண்டியிருந்தது. எழுபது வயசுக்கு மேல் ஆன மனுஷி அதற்காகக் காத்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். கை சுற்றளவைப் பெரிதாக்கினேன். அக்குளில், கைக்கும் உடம்புக்கும் நடுவே, சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்தேன். அந்தத் துண்டைக் கிராஸாக வெட்ட வேண்டும், அதாவது பாவுக்கும் ஊடைக்கும் குறுக்கே. அப்படி வெட்டிய துணி தானாகவே கொஞ்சம் இழுபடும். நேராக வெட்டினால் இழுபடாது. பழைய ஜிப்பாக்களில் இந்தத் துண்டைப் பார்த்திருப்பீர்கள். கையைத் தூக்கினால் உடுப்பு முழுவதும் மேலே ஏறாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். கொக்கிகளையெல்லாம் பிரித்துவிட்டு, முன்பட்டியில் ஒட்டும் வெல்க்ரோ பட்டையைத் துண்டு துண்டாக வைத்தேன். முழு நீளத்துக்கும் வைத்தால் விறைத்துக்கொண்டு நிற்கும். மேலே பார்வைக்கு மட்டும் நாலு கொக்கியை மறுபடி வைத்துத் தைத்தேன், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிய வேண்டாம் என்று அவரே கேட்டார். வலிக்கிற கையை முதலில் நுழைத்து, நல்ல கையை அப்புறம் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். இது பிஸியோதெரபி செய்கிறவர்கள் சொல்லும் முறை. இப்போது அவரே போட்டுக்கொள்கிறார்.

தோழிகளே, இதை எந்தக் கடையில் கேட்டு வாங்குவோம்? கடைக்காரருக்கு அவரைத் தெரியாது. அவர் எந்தக் கையில் வலி என்று சொல்வார், எதைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்வார் என்பது வீட்டில் இருக்கும் நமக்குத்தான் தெரியும். வீட்டுத் தையலுக்கு நான் மதிப்புக் கொடுப்பது இதனால்தான். பணம் மிச்சமாகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுடிதார் டாப்புகளின் பக்கத் தையலைப் பிரித்துப் பாக்கெட் வைத்தேன்; போனும் பஸ் சில்லறையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்த காலம் போயிற்று. கிழிந்த சுங்குடிச் சேலைகளின் நல்ல பாகத்தைத் தலையணை உறையாக்கினேன். பழைய வேட்டியில் மளிகைக் கடைக்குப் பைகள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியில் தடை வந்தும், மஞ்சப்பையைத் திரும்ப எடுக்கச் சொல்லி 2021 டிசம்பரில் அரசு இயக்கம் தொடங்கியும், நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பாலித்தீன் பை தொங்குவது குறையவில்லை. கதவருகே நாலு துணிப்பை தொங்கினால் அது குறையும், அவ்வளவுதான்.

எதைத் தைக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். நைட்டி தைக்காதீர்கள். மீட்டர் கணக்கில் கடையில் துணி எடுத்தால், ஈரோட்டுச் சந்தையில் இருந்து வரும் நைட்டியின் விலைக்கு மேலேயே ஆகிவிடும். காலர் வைத்த ஆம்பளைச் சட்டையும் வேண்டாம். பனியன் துணியை நம் சாதாரண மிஷினில் தைத்தால் தையல் விட்டு விட்டு விழும். முனை உருண்டையான ஊசி வேண்டும், அது இல்லாமல் தொடாதீர்கள்.

இனி மூடி வைத்த மிஷினைப் பற்றி. "பல வருஷமா ஓட்டல, கெட்டுப்போயிருக்கும்" என்பதுதான் உங்களில் பலர் சொல்லும் காரணம். இரும்பு மிஷின் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஊசித் தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களுக்கு நடுவே அடைந்திருக்கும் பஞ்சைப் பழைய பல்துலக்கியால் எடுங்கள். எண்ணெய் போட வேண்டிய ஓட்டைகள் மேலே வரிசையாக இருக்கும். மிஷின் எண்ணெய் மட்டும்தான் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்து இறுகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பல மிஷின்கள் அசையாமல் நிற்பது அதனால்தான். பெல்ட் தளர்ந்திருந்தால் ஒரு அங்குலம் வெட்டிக் கம்பியைத் திரும்ப மாட்டினால் போதும். ஊசியை மாற்றுங்கள். சாதாரணப் பருத்திக்கு 14 நம்பர், திரைச்சீலை, பை மாதிரிக் கனத்த துணிக்கு 16, மெல்லிய பட்டுக்கு 11.

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுற்றிக்கொண்டால் எல்லோரும் பாபினைத்தான் கழற்றுகிறோம். கோளாறு பெரும்பாலும் மேல் நூலில் இருக்கும். மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று கோத்துக்கொள்வதுதான் மிஷின் தையல். மேல் நூலுக்கு இழுவிசை இல்லாவிட்டால் அது கீழே போய்க் குவிந்துவிடும். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலைக் கோத்தால், டென்ஷன் தட்டுகள் விலகியிருக்கும், நூல் நடுவில் சரியாக உட்காரும். பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தால் தட்டுகளுக்கு வெளியிலேயே நின்றுவிடும். எத்தனையோ மிஷின்கள் இந்த ஒரு காரணத்துக்காக மெக்கானிக் வீட்டுக்குப் போய்வருகின்றன.

பழைய துணியில் கைவைக்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நூல் துணியைவிடப் பலமாக இருக்கக் கூடாது. நைந்த பருத்தியில் பாலியஸ்டர் நூல் போட்டால், இழுபடும்போது நூல் அறுந்துபோகாமல் துணியை அறுத்துவிடும். பருத்தி நூல் போட்டால் நூல்தான் போகும், அதை மறுபடி தைத்துக்கொள்ளலாம். புது லைனிங் துணியையும் ஜாக்கெட் துணியையும் வெட்டுவதற்கு முன்னால் நனைத்துக் காயவைத்து விடுங்கள். முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி இழுத்துப்பிடித்த ஜாக்கெட் எல்லார் வீட்டிலும் ஒன்றாவது இருக்கும்.

இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு எச்சரிக்கையாக இருந்த காந்தியடிகள் ஒரு இயந்திரத்துக்கு மட்டும் மனதார இடம் கொடுத்தார். 1924-இல் டெல்லியில் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று அவரைக் கேட்டார். விதிவிலக்காக காந்தி சொன்னது தையல் மிஷினை. மனைவி கையால் குனிந்து தைத்துக் கஷ்டப்படுவதைப் பொறுக்காமல்தான் சிங்கர் அதைச் செய்தார், அந்த இயந்திரத்துக்குப் பின்னால் அன்பு இருக்கிறது என்றார். அதைத் தயாரிக்கத் தொழிற்சாலை வேண்டுமே என்று அந்த இளைஞர் விடாமல் கேட்டபோது, அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் அரசின் கையில் இருக்கட்டும் என்று பதில் வந்தது. அந்த ராமச்சந்திரன்தான் பிற்பாடு டாக்டர் சௌந்தரத்தை மணந்து, 1947-இல் நம் திண்டுக்கல் பக்கத்தில் அவரோடு சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கியவர். சிங்கரைப் பற்றிய கதை வரலாற்றில் எவ்வளவு நிற்கும் என்பது வேறு விஷயம். ஊசி முனையிலேயே காது வைத்த மிஷினுக்கு 1846-இலேயே எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிவிட்டார், சிங்கர் வந்தது 1851-இல். ஆனாலும் காந்தி பார்த்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருவர் உடம்பு படும் சிரமத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த இன்னொருவர் செய்த வேலையாக அவர் அதைப் பார்த்தார். மாமியாரின் அக்குளில் வைத்த அந்தத் துண்டுத் துணியை நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். சத்துணவுத் திட்டத்தில் உள்ள 1 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு 4 செட் சீருடை கொடுக்கிறது. அவற்றைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கும் நம்மைப் போன்ற பெண்கள்தான். லட்சக்கணக்கில் தைக்கும்போது குறிப்பிட்ட சில அளவுகளில்தான் தைக்க முடியும். நம் தெருப் பிள்ளைகளோ ஒருத்தி ஒல்லியாக உயர்ந்திருப்பாள், ஒருத்தன் குட்டையாகப் பருத்திருப்பான். இடுப்பில் நிற்காத பேண்ட்டை ஊக்குப் போட்டுக்கொண்டு வரும் பையனையும், நீளம் போதாத பாவாடையை அடிக்கடி கீழே இழுத்துவிட்டுக்கொள்ளும் பெண்ணையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பிள்ளையின் கவனத்தில் பாதி உடுப்பிலேயே போய்விடுகிறது. இடுப்புப் பட்டியின் பின்பக்கத்தை மட்டும் நாலு அங்குலம் பிரித்து உள்ளே எலாஸ்டிக் விடுவதற்கோ, கீழ் மடிப்பை இறக்கித் தைப்பதற்கோ ஜாக்கெட் தைக்கும் திறமை எதுவும் தேவையில்லை. உள்பாவாடை தைக்கத் தெரிந்தால் போதும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து சீருடை கைக்கு வந்ததும், அந்த வாரத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை மிஷினைத் திண்ணைக்கோ வாசலுக்கோ நகர்த்திப் போடுங்கள். சுற்றியிருக்கும் நாலு வீட்டில் சொல்லுங்கள். பிள்ளையை நேரில் வரச் சொல்லி, போட்டுக்காட்டச் சொல்லி, உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லி அளவெடுங்கள். அளவுச் சட்டையை மட்டும் அனுப்பினால் வாங்காதீர்கள். வெட்டுவதற்கு முன்னால் உள்ளே எவ்வளவு துணி இருக்கிறது என்று பாருங்கள், மிச்சம் இருந்தால் ஒரு நூல்கூட வெட்டாமல் உள்ளேயே மடித்துவிடுங்கள், அடுத்த ஜூனுக்கு அது வேண்டும். சீருடை நிறத்துக்குப் பொருந்தும் நூல் கண்டுகளையும் முக்கால் அங்குல எலாஸ்டிக்கையும் மே மாதமே வாங்கி வைத்துவிடுங்கள். பள்ளி திறக்கும் வாரத்தில் கடையில் கிடைக்காது.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் தோழி